நோக்கியா ஸ்ரீபெரும்புதூர்: ஒன்பது வருஷக் கணக்கு

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய நோக்கியா போன் இன்னும் கிடக்கிறது. பட்டன்களில் எண்கள் தேய்ந்துவிட்டன. சார்ஜ் ஏற்றினால் தலையில் இருக்கும் டார்ச் மட்டும் இப்போதும் எரியும். ராத்திரி கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வயலுக்குப் போகிறவர்கள் அந்த டார்ச்சுக்காகவே அந்த போனை வாங்கினார்கள். (என்னை மாதிரி பொடியன்களுக்கு பாம்பு விளையாட்டு.) போன மாதம் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த ஸ்டிக்கரில் இந்தியாவில் தயாரானது என்று போட்டிருந்தது. இந்தியாவில் என்றால் எங்கே? நோக்கியாவுக்கு இந்தியாவில் போன் செய்யும் ஆலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நம்ம ஸ்ரீபெரும்புதூர்.

அந்த ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றுபோனபோது எனக்குப் பதினோரு வயது. இப்போது பி.காம். படிக்கிறேன். எங்கள் அல்லிநகரம் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்று பதில்கள் கிடைக்கும். "வரி போட்டே துரத்திட்டாங்க" என்பார் ஒருவர். "சங்கம் வச்சாங்க, போச்சு" என்பார் அடுத்தவர். "ஆண்ட்ராய்டு வந்துச்சு, அவ்வளவுதான்" என்பார் மூன்றாமவர். மூன்றையும் தேதிவாரியாக எடுத்து வைத்துப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

2005 ஏப்ரலில் தமிழக அரசுக்கும் நோக்கியாவுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2006 ஜனவரியில் உற்பத்தி ஆரம்பம், மார்ச்சில் திறப்பு விழா. சிப்காட் வளாகத்தில் 200 ஏக்கருக்கு மேல் நிலம், 99 வருஷக் குத்தகை, சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற அந்தஸ்து. அதோடு, உள்நாட்டில் விற்கும் போன்களுக்குக் கட்டிய வாட் வரியை மாநில அரசே திருப்பித் தருவதாகவும் ஏற்பாடு. ஆலையை யார் கொண்டுவந்தது என்று இரண்டு பெரிய கட்சிகளும் அப்போது மல்லுக்கு நின்றன. மூடியபோது அந்தப் போட்டி இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நோக்கியாவின் பின்னாலேயே அதற்கு பாகம் செய்கிற கம்பெனிகளும் அதே வளாகத்துக்கு வந்தன. பாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லாஸ் என்று ஒரு வரிசை. நல்ல காலத்தில் நோக்கியாவில் மட்டும் சுமார் எட்டாயிரம் பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் தனி. 2011-ல் அங்கே செய்த போன்களின் எண்ணிக்கை 50 கோடியைத் தொட்டது.

வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். கம்பெனி பஸ் வந்து கூட்டிப் போகும், ஷிப்ட் முடிந்தால் கொண்டுவந்து விடும். சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். தெற்கத்திப் பிள்ளைகளும் போனார்கள். தேனிக்காரர்களுக்கு அந்த வருஷங்களில் சென்னைக்கு நேர் ரயில் கிடையாது. மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதையையும் 2010 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். ராத்திரி பஸ்தான் கதி. ஏலத்தோட்டத்து ஜீப்பையும் பஞ்சாலையையும் விட்டால் வேறு வழி தெரியாத வீடுகளில், 18 வயதுப் பெண் ஏசி ஹாலில் யூனிபார்ம் போட்டு வேலை பார்த்து மாதாமாதம் பேங்க்கில் சம்பளம் வாங்குவது சின்ன விஷயம் இல்லை.

அதற்காக அங்கே எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்றும் இல்லை. 2009-லும் 2010-லும் சம்பளத்துக்காகவும் சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களுக்காகவும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 அக்டோபர் இறுதியில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். டீக்கடையின் இரண்டாவது பதிலுக்கு இங்கேயே ஒரு கேள்வி: வேலைநிறுத்தங்கள் நடந்தது 2009-10-ல். அதற்குப் பிறகும் நான்கு வருஷம் ஆலை ஓடியிருக்கிறது. 50 கோடி எண்ணிக்கையைத் தொட்டதே வேலைநிறுத்தங்களுக்குப் பிறகுதான். அப்புறம் எப்படி சங்கத்தால் மூடியது ஆகும்?

மூன்றாவது பதிலில் உண்மை நிறையவே இருக்கிறது. 2007-ல் ஐபோன், 2008-ல் ஆண்ட்ராய்டு போன். அப்போது உலகத்தில் விற்ற பத்து போன்களில் கிட்டத்தட்ட நான்கு நோக்கியா. அந்த மிதப்பில் இரண்டு மூன்று வருஷம் போய்விட்டது. 2010 செப்டம்பரில் மைக்ரோசாப்டிலிருந்து ஸ்டீபன் எலோப் தலைமை நிர்வாகியாக வந்தார். 2011 பிப்ரவரியில் சொந்த சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் போன் என்று முடிவெடுத்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செய்தது பெரும்பாலும் பட்டன் போன்கள். அங்கே அடித்தது வேறு ஒரு அடி, இரட்டை சிம். கம்பம் பள்ளத்தாக்கில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். போடிமெட்டோ குமுளியோ தாண்டினால் கேரளா டவர், ரோமிங் காசு. தோட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கே ஒரு சிம், அங்கே ஒரு சிம் என்று வைத்துக்கொள்ள இரட்டை சிம் போன் தேடினார்கள். மைக்ரோமேக்ஸ் மாதிரி கம்பெனிகள் சீனாவிலிருந்து அதைக் கொண்டுவந்து குவித்தபோது நோக்கியாவிடம் பதில் இல்லை. 2011-ல்தான் நோக்கியாவின் இரட்டை சிம் போன் இங்கே கடைக்கு வந்தது.

இனி முதல் பதில். நம்ம கிளாஸ்மேட்டுகள் கொஞ்சம் கவனிக்கவும், செமஸ்டருக்கு மனப்பாடம் செய்த டி.டி.எஸ். கதைக்குள் வருகிறது.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை ஆலையில் சோதனை போட்டது. போனுக்குள் ஏற்றும் மென்பொருளுக்காக நோக்கியா இந்தியா, பின்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. "இது ராயல்டி. அனுப்புவதற்கு முன் வரி பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை" என்றது துறை. "மென்பொருளைச் சரக்காகத்தான் வாங்கினோம், ராயல்டியே இல்லை" என்றது கம்பெனி. 2013 மார்ச்சில் வந்த நோட்டீஸ் 2,080 கோடி ரூபாய்க்கு. இதற்கு முந்தைய வருஷம்தான், 2012 பட்ஜெட்டில், மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கொடுக்கும் பணமும் ராயல்டிதான் என்று சட்டத்தில் சேர்த்து, அதை 1976-லிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டிருந்தார்கள். முப்பத்தாறு வருஷம் பின்னால் போய் ஒரு அர்த்தம் எழுதுவது! அதே பட்ஜெட்டில் வோடபோனுக்கும் ஒரு முன்தேதி திருத்தம் இருந்தது.

அந்த வழக்கு தன்பாட்டுக்கு நடந்திருந்தால் ஆலையை நேரடியாகத் தொட்டிருக்காது. ஆனால் 2013 செப்டம்பர் 3-ம் தேதி, போன் தொழிலையே 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாப்ட்டுக்கு விற்கப்போவதாக நோக்கியா அறிவித்தது. உலகம் முழுக்க சுமார் 32,000 ஊழியர்கள் கைமாற வேண்டும். விற்றுவிட்டுப் போய்விட்டால் வரியை யாரிடம் வசூலிப்பது? துறை அதே மாதம் சொத்துகளை முடக்கியது. துறையின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான பயம்தான். ஆனால் முடக்கிய சொத்து என்றால் என்ன? கட்டடமும் இயந்திரமும். அது கைமாறாவிட்டால் அதை இயக்குகிறவர்களும் கைமாற முடியாது. பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் தொழிலாளிக்கு இடம் இல்லை என்று முதல் வருஷமே படித்துவிட்டோம். முடக்கியபோது மட்டும் அவர்களும் சேர்ந்தே முடங்கினார்கள்.

2013 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு ஆலையை மாற்றிக்கொள்ள அனுமதித்தது. துறை உச்ச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 14-ம் தேதி உச்ச நீதிமன்றம், 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் மாற்றலாம் என்றது. நோக்கியா கொடுக்கவில்லை. அதே மார்ச்சில் தமிழக வணிகவரித் துறையும் தன் பங்குக்கு 2,400 கோடி ரூபாய் நோட்டீஸ் அனுப்பியது. ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய போன்களை உள்நாட்டில் விற்றதாகக் குற்றச்சாட்டு. வாட் வரியைத் திருப்பித் தருவதாகக் கூப்பிட்ட அதே மாநிலம்! மாத இறுதியில் தொழிலாளர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஆலையை யாராவது ஒருவர் நடத்துங்கள்.

2014 ஏப்ரல் 25-ம் தேதி விற்பனை முடிந்தது, ஸ்ரீபெரும்புதூர் இல்லாமல். ஆலை நோக்கியாவிடமே இருந்தது, ஆனால் நோக்கியா இனி போன் கம்பெனி இல்லை. மைக்ரோசாப்ட்டுக்குக் கூலிக்குப் போன் செய்து கொடுக்கும் இடமாக ஆனது. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தார்கள். விருப்ப ஓய்வு! இருபத்தைந்து வயதில். சுமார் 6,600 பேரில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். ஜூலையில் மைக்ரோசாப்ட் 18,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது, அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். செப்டம்பர் 25-ம் தேதி டெல்லியில் 'மேக் இன் இந்தியா' தொடக்க விழா. பன்னிரண்டு நாள் கழித்து, அக்டோபர் 7-ம் தேதி, மைக்ரோசாப்ட் ஆர்டரை நிறுத்துவதால் நவம்பர் 1 முதல் உற்பத்தி இல்லை என்று நோக்கியா அறிவித்தது. மிச்சமிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேருக்கும் அத்தோடு முடிந்தது. டிசம்பரில் அதே வளாகத்தில் பாக்ஸ்கானும் நிறுத்தியது. அங்கே சுமார் 1,700 பேர்.

வரி வழக்கே இல்லாவிட்டால் ஆலை தப்பியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஹங்கேரியின் கொமாரோம் ஆலை எந்தச் சிக்கலும் இல்லாமல் மைக்ரோசாப்ட்டிடம் போனது, அதையும் மூடினார்கள். சீன ஆலைகளையும் மூடி வேலையை வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். பட்டன் போன் தொழிலையே 2016-ல் 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டது மைக்ரோசாப்ட். ஆக, வரி போட்டுத் துரத்தியதாகச் சொல்ல முடியாது. ஆனால் பேரம் பேசும் நேரத்தில் தொழிலாளர்களை யாருக்கும் சொந்தமில்லாதவர்களாக நிறுத்தியது அந்த முடக்கம்தான். மூடுவது மைக்ரோசாப்ட்டா நோக்கியாவா என்பதற்கே கடைசி வரை நேர் பதில் இல்லை.

நான் அதிக நேரம் செலவழித்தது ஜெர்மனி கதையில். போகும் என்ற ஊரில் நோக்கியா ஆலை இருந்தது. 2008 ஜனவரியில் அதை மூடி வேலையை ருமேனியாவின் க்ளூஜ் நகருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். 2,300 பேருக்கு வேலை போகும். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள், அமைச்சர்கள் நோக்கியா போனைத் தூக்கிப் போட்டார்கள். முக்கியமான விஷயம் வேறு. அந்த மாநில அரசு நோக்கியாவுக்கு மானியம் கொடுத்தபோது, இத்தனை வேலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எண்ணிக்கை போட்டு எழுதி வாங்கியிருந்தது. அதைக் காட்டி வட்டியோடு சுமார் 6 கோடி யூரோ திருப்பிக் கேட்டது. பிறகு சமரசமானது. தொழிலாளர்களுக்குத் தனியாக 20 கோடி யூரோ ஒதுக்க வேண்டி வந்தது, சராசரியாக ஒருவருக்கு 80,000 யூரோவுக்கு மேல். (க்ளூஜ்? 2008-ல் திறந்ததை 2011-ல் மூட முடிவு செய்தார்கள், 2,200 பேர். பின்லாந்தின் சாலோவிலேயே 2012-ல் உற்பத்தி நின்றது. பிறந்த நாட்டையே விடவில்லை.)

ஆக, இங்கே ஒப்பந்தம் போட்ட 2005-ல் இல்லாவிட்டாலும், போகும் மூடிய 2008-ல் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இந்தக் கம்பெனி ஆலைகளை எப்படி எடுத்து வைத்து நகர்த்தும் என்று. நிலம், வரி, மின்சாரம் என்று கொடுப்பதை வரிவரியாக எழுதினோம். போகும் போகிற நாளில் யாருக்கு என்ன தர வேண்டும் என்று எழுதி வாங்குவதை ஒரு ஜெர்மன் மாநிலம் செய்து காட்டிய பிறகு இங்கே ஆறு வருஷம் இருந்தது.

வழக்கு என்ன ஆனது? இந்தியாவும் பின்லாந்தும் பேசி 2018-ல் முடித்துக்கொண்டன. நோக்கியா கட்டியது 20.2 கோடி யூரோ, சுமார் 1,600 கோடி ரூபாய். 2014-ல் கேட்ட உத்தரவாதத்தில் பாதிகூட இல்லை. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வேறு கம்பெனிகளின் வழக்குகளில், வெளிநாட்டு விற்பனையாளரிடம் மென்பொருள் வாங்கக் கொடுக்கும் பணம் ராயல்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளும் நோக்கியா வழக்கும் ஒன்றல்ல, ஆனால் கேள்வி பக்கத்துக் கேள்விதான்.

ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடத்தை 2019 நவம்பரில் சால்காம்ப் வாங்கியது. நோக்கியாவுக்கு சார்ஜர் செய்ய அதே வளாகத்துக்கு வந்த அதே சால்காம்ப். இப்போது ஆப்பிளுக்கு சார்ஜர் செய்கிறது. (2020-லிருந்து ஐபோன் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதில்லை என்பது வேறு விஷயம் :-) ) பாக்ஸ்கானும் திரும்பி வந்து அந்தப் பக்கத்திலேயே ஐபோன் செய்கிறது. மறுபடியும் ஹாஸ்டல், மறுபடியும் கம்பெனி பஸ், மறுபடியும் பெரும்பாலும் பெண்கள்.

எங்கள் தெருவிலிருந்து ஒரு தங்கச்சி, டிப்ளமோ முடித்தவள், அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் சேரப் போகிறாள். இப்போது போடியிலிருந்து சென்னைக்கு நேர் ரயிலே இருக்கிறது. "அண்ணே, நீங்க பி.காம். தானே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவள் சம்பளத்தைப் பார்க்கச் சொன்னாள். நான் முதலில் தேடியது, கடிதத்தில் முதலாளி என்று போட்டிருப்பது கம்பெனியின் பெயரா, ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயரா என்பதை. ஏஜென்சி பெயர்தான் இருந்தது.