வ. புதுப்பட்டி வட்டார அரசியல் தலைவர்களின் அடக்க இடங்கள்

வ. புதுப்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறம் வத்திராயிருப்பை ஒட்டிய பேரூராட்சி. வாக்குச் சீட்டைப் பொறுத்தவரை நெடுங்காலமாகத் திருவில்லிபுத்தூரோடு சேர்ந்தது. இவ்வட்டாரம் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அனுப்பியவர்களில் சிலர் நாடறிந்த தலைவர்கள். ஆனால் அவர்கள் அடங்கிய இடங்களைத் தேடிப் போகிறவர் சென்னைக்கும் மதுரைக்கும் பசும்பொன்னுக்கும் போக வேண்டும். இங்கே நிற்பவை சிலைகள், நினைவு இல்லங்கள், தெருப்பெயர்கள்.

காரணம் முதலில் வழக்கத்தில் இருக்கிறது. எரிப்பதா புதைப்பதா என்பது இங்கே சமூகத்துக்குச் சமூகம் மாறும். சுடுகாடும் இடுகாடும்கூடத் தனித்தனி. எரித்தவர்களுக்கு எலும்பு பொறுக்கி, சாம்பலை ஆற்றிலோ ராமேசுவரம் கடலிலோ கரைத்து, பதினாறாம் நாள் காரியத்தோடு முடித்துவிடுவார்கள். கல் நடுவதில்லை. புதைத்தாலும் பெயர் பொறித்த கல்லறை எழுப்புவது பெரும்பாலும் கிறித்தவக் குடும்பங்களின் வழக்கம். துறவிக்கும் சித்தருக்கும் மட்டுமே சமாதி, அதற்கு ஆண்டுதோறும் குருபூசை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நாடாண்டவரும் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்புவது சாதாரணம். 1933-இல் இறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ், வெர்மான்ட் மாநிலத்தின் பிளிமத் நாட்ச் என்ற சிற்றூரில் தம் குடும்பத்தாரோடு சாதாரணக் கல்லின் கீழ் அடங்கியிருக்கிறார். நம் ஊரில் தலைவரின் உடல் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விடும். அது கட்சிக்கும் அரசுக்கும் உரியதாகிவிடும்.

நாடாண்டவருக்குக் கல்லில் நினைவிடம் எழுப்பும் பழக்கம் இப்பகுதிக்குப் புதிதல்ல. திருச்சுழி அருகே பள்ளிமடம் காளைநாதர் கோயில், பத்தாம் நூற்றாண்டுப் பாண்டிய இளவரசன் சுந்தரபாண்டியனின் பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், எனக் கருதப்படுகிறது. அங்கே நினைவிடம் கோயிலாகவே மாறி, வழிபாட்டில் அரசன் மறைந்துபோனான். பின்னால் வந்த அரசியல் சமாதிகளில் இது ஓரளவு தலைகீழாக நடந்தது என்று சொல்லலாம்.

மக்களாட்சிக் காலத்தில் முதலில் குறிப்பிட வேண்டியவர் ராஜபாளையம் பூ. ச. குமாரசாமி ராஜா. 1898-இல் பிறந்தவர், 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கினார். 1952 தேர்தலில் தோற்றார். பின்னர் ஒரிசா ஆளுநராக இருந்து, 1957 மார்ச்சில் காலமானார். அவருடைய நினைவுக்காக ராஜபாளையம் போகிறவர் பார்ப்பது அவர் வாழ்ந்த வீட்டைத்தான். அதை அவரே கொடையாக எழுதிக் கொடுத்தார். காந்தி கலை மன்றம் அங்கே இயங்குகிறது. காந்தியவாதிக்கு அது போதும் என்றே தோன்றுகிறது.

விருதுநகர் சங்கரலிங்கனார் எந்த அவையிலும் உறுப்பினராக இருந்தவர் அல்லர். ஆனாலும் இக்கட்டுரையில் அவரை விட முடியாது. மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். நோன்பைக் கைவிடாமலே அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர் நீத்தார். வாழ்நாள் காங்கிரசுக்காரரான அவர், தம் உடலைப் பொதுவுடைமைக் கட்சியிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சி. முதலமைச்சர் அவருடைய ஊர்க்காரர் காமராசர். தம் சிதையை யார் மூட்ட வேண்டும் என்பதையே கடைசி அரசியல் அறிக்கையாக்கியவர் அவர். வைகைக் கரையில் தத்தனேரி மயானத்தில் எரியூட்டினார்கள். கோரிய பெயர் 1969 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. விருதுநகரில் மணிமண்டபம் எழுந்தது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து.

காமராசர் 1952-இல் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானதும் அந்த இடத்தை விட்டார். 1967-இல் சொந்த ஊரான விருதுநகர் சட்டமன்றத் தொகுதியிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்ற கதை ஊரறிந்தது. 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, சென்னைத் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் காலமானார். மறுநாள் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அரசு மரியாதையுடன் எரியூட்டப்பட்டார். அங்கே நினைவாலயம் இருக்கிறது. அஸ்தியைக் கடலில் கரைக்குமுன் மக்கள் பார்வைக்கு வைத்த கன்னியாகுமரிக் கடற்கரையில் 2000 அக்டோபர் 2 அன்று மணிமண்டபம் திறக்கப்பட்டது. விருதுநகருக்கு எஞ்சியது அவர் பிறந்த வீடு. இப்போது நினைவு இல்லமாக இருக்கும் அந்த வீட்டின் அளவைப் பார்த்தாலே மனிதரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

அடக்க இடமே அரசியலாகிப்போன வரலாறும் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. 1957 பொதுத் தேர்தலில் உ. முத்துராமலிங்கத் தேவர், திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதி, முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதி இரண்டிலும் வென்றார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அவர் திருவில்லிபுத்தூரை வைத்துக்கொண்டு முதுகுளத்தூரை விட்டார். அதனால் அங்கே ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. அதன் பிறகு மறவர்களுக்கும் தேவேந்திரகுல வேளாளருக்கும் இடையே மோதல் மூண்டது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் நடத்தினார். அதில் கலந்துகொண்ட தேவேந்திரகுலத் தலைவர் இம்மானுவேல் சேகரன், மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவர் 1959 சனவரியில் விடுதலையானார்.

இம்மானுவேல் சேகரன் பரமக்குடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தேவர் 1963 அக்டோபர் 30 அன்று, தாம் பிறந்த அதே நாளில் காலமானார். பசும்பொன்னில் அடக்கம் செய்யப்பட்டார். திருமணம் செய்துகொள்ளாமல் ஆன்மிகச் சொற்பொழிவாற்றி வந்தவர் என்பதால், அவரைப் பின்பற்றியோருக்கு அந்த இடம் துறவியின் சமாதியாகவே ஆயிற்று. ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் குருபூசை. பால்குடமும் முளைப்பாரியும் வருகின்றன, எல்லாக் கட்சித் தலைவர்களும் வருகிறார்கள். 2014-இல் அ.தி.மு.க. சார்பில் ஜெயலலிதா 13 கிலோவுக்கு மேற்பட்ட தங்கக் கவசம் வழங்கினார். அது மதுரையில் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது; பூசை நாட்களுக்கு மட்டும் காவலோடு வெளியே வரும்.

பரமக்குடியில் செப்டம்பர் 11 நினைவு நாள். 2011-இல் அந்நாளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் உயிரிழந்தனர். ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டு நிகழ்வுகளோடு பிணைந்த இரண்டு சமாதிகளுக்கு, ஏழு வார இடைவெளியில் கூட்டம் திரள்கிறது. இரண்டு நாட்களிலும் போலீஸ் வாகனப் பாதையை வகுக்கிறது, தடை உத்தரவு போடுகிறது. 1957-இல் இவ்வூர்களும் வத்திராயிருப்பும் விருதுநகரும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம், 1985-இல்தான் பிரிந்தன. குமாரசாமி ராஜாவுக்கோ, எரிக்கப்பட்ட சங்கரலிங்கனாருக்கோ இப்படி ஒரு நாளும் கூட்டமும் வாய்க்கவில்லை என்பதைச் சாதிக் கணக்கை விட்டுவிட்டு விளக்க முடியாது. உடல் ஒரே இடத்தில் கிடப்பதும் கூட்டம் திரள உதவுகிறது.

மற்றத் தலைவர்களைப் பொறுத்தவரை, புதைக்கும் வழக்கத்தை அரசியல் மரபாக்கியது திராவிட இயக்கம். 1969 பிப்ரவரியில் அண்ணா மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். பெரியார் 1973-இல் சென்னை வேப்பேரித் திடலில், எம்.ஜி.ஆர். 1987-இல், ஜெயலலிதா 2016-இல் மெரினாவில். 2018 ஆகஸ்டு 7 அன்று மு. கருணாநிதி மறைந்தபோது, முன்னாள் முதலமைச்சருக்கு மெரினாவில் இடமில்லை, காந்தி மண்டபத்தின் அருகே, ராஜாஜி, காமராசர் நினைவிடங்கள் உள்ள பகுதியில் நிலம் தருகிறோம் என்றது அன்றைய அரசு. இரவோடு இரவாக உயர் நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. மறுநாள் காலை மெரினாவுக்கு அனுமதி கிடைத்தது. விருதுநகர்க்காரர் காமராசர் எரியூட்டப்பட்ட கிண்டி இடம், கடற்கரைக்கு வெளியே ஒதுக்கப்படும் இடமாகப் பேசப்பட்டது அன்று பலருக்கும் உறுத்தியிருக்கும்.

பொது நிலத்துக்குப் போகாமல் கட்சி வளாகத்திலேயே அடக்கம் செய்யும் வழியும் இருக்கிறது. 2023 டிசம்பர் 28 அன்று மறைந்த தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்த், மறுநாள் கோயம்பேட்டில் கட்சித் தலைமை அலுவலகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சில மாதங்களில் அவருடைய மகன் விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் நின்று, ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும், அதோடு வ. புதுப்பட்டியும், அந்தத் தேர்தலில் வாக்களித்தது தென்காசித் தொகுதியில்.