லூவென் நகரத்து நூல்நிலையம்

பெல்ஜியம் அளவிற் சிறிய நாடு. அதன் பழைய நகரங்களுள் ஒன்றாகிய லூவெனில் 1425 ஆம் ஆண்டிலே சர்வகலாசாலை ஒன்று நிறுவப்பெற்றது. 1914 ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மன் படையினர் இட்ட தீயினால் அதன் நூல்நிலையம் எரிந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் நூல்கள் சாம்பராயின. அமெரிக்க மக்களின் நன்கொடையால் 1928 இற் புதிய கட்டடம் எழுந்தது. 1940 மே மாதத்தில் மீண்டும் போர் வந்தது. இம்முறை தீக்கிரையானவை ஏறத்தாழ 9 இலட்சம். போர் ஓய்ந்ததும் முன்போலவே கட்டி முடித்தனர்.

ஆயின், டச்சு மொழியினருக்கும் பிரெஞ்சு மொழியினருக்கும் மூண்ட பிணக்கினால், 1968 இற் சர்வகலாசாலையை இரண்டாகப் பிரிக்க முடிவாயிற்று. நூல்களையும் பங்கிட்டனர். பெரும்பாலானவற்றில் ஒற்றை இலக்க நூல்கள் ஒருபாலும், இரட்டை இலக்க நூல்கள் மறுபாலுமாகச் சென்றன. தீ மூட்டியோர் அயலார். பங்கிட்டோரோ, அந்நூல்களைப் பேணிய வீட்டாரே.