இளம் பந்து வீச்சாளரின் முதுகெலும்பு

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் பெற்ற போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் வாழும் தமிழராயினும், மும்பையிலோ தில்லியிலோ வாழ்பவராயினும், மாலைப் பொழுதில் மட்டையும் பந்துமாகப் புறப்படும் சிறுவர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுள் வேகமாகப் பந்து வீசுபவன் இடுப்பு வலி என்று சொன்னால், 'வளரும் வயது. தானே தீரும்' என்று கூறி விடுகிறோம். இவ்வெண்ணம் எவ்வாறு மாறிற்று என்பதை அறிதல் நமக்குப் பயன் தரும்.

1903ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஆஸ்குட், சூரிச் நகரத்து மருத்துவர் ஷ்லாட்டர் ஆகிய இருவரும், ஒருவரை ஒருவர் சாராமல், வளரும் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே தோன்றும் வலியை ஆராய்ந்து எழுதினர். முற்றாத எலும்பைத் தசைநார் ஓயாது இழுப்பதே அவ்வலிக்குக் காரணம். பெரியவரின் எலும்பு தாங்கும் சுமையைச் சிறுவனின் எலும்பும் தாங்கும் என்று கொள்வது தவறாகும்.

கிரிக்கெட்டில் இவ்வுண்மை பரவலாக உணரப்படுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி 1973ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது, அவருடைய கீழ் முதுகெலும்பில் விரிசல்கள் இருப்பது தெரிய வந்தது. அவர் பல வாரங்கள் மாவுக்கட்டில் கிடந்தார். பின்னர் உடற்பயிற்சி அறிஞர் பிராங்க் பைக்கின் துணையுடன் தசைகளை வலுப்படுத்தி, பந்து வீசும் முறையையும் திருத்திக் கொண்டு, 1974ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் டெஸ்ட் களம் புகுந்தார். 1984ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது அவர் 355 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார்.

அவருடைய நாட்டிலேயே, 82 இளம் வேகப் பந்து வீச்சாளரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1989ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரே பருவத்தில் அவர்களுள் நூற்றுக்குப் பதினொருவருக்கு முதுகெலும்பில் விரிசல் கண்டது. அளவுக்கு மீறி வீசுவதும், வீசும் கணத்தில் தோள்கள் ஒரு திசையிலும் இடுப்பு வேறு திசையிலும் முறுக்கிக் கொள்வதும் கேட்டை மிகுவித்தன.

லில்லியின் அனுபவம் நம் நாட்டிற்கும் வந்தது. 1987ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எப். வேகப் பந்து வீச்சுப் பயிற்சிக் கூடத்தில் அவர் நம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அங்கே வேகத்தோடு உடல் வலிமைக்கும் வீசும் முறைக்கும் இடம் தரப்பட்டது. இன்று பல நாடுகளில், இத்தனை வயதுச் சிறுவன் தொடர்ச்சியாக இத்தனை ஓவர், ஒரு நாளில் இத்தனை ஓவர் என்று வரம்பு வகுத்திருக்கிறார்கள்.

அந்தமானில் மழைக்காலம் நீண்டது. பல மாதம் ஓய்ந்திருந்த சிறுவன், வானம் வெளுத்தவுடன் நாள்தோறும் வெகுநேரம் வீசுவானாயின், திடீரெனக் கூடும் அச்சுமையே அபாயம். ஆகவே, வாரந்தோறும் சிறிது சிறிதாக ஓவர்களைக் கூட்ட வேண்டும். வீசிய ஓவர்களை ஓர் ஏட்டில் குறித்து வைக்க வேண்டும். பள்ளி அணி, தெரு அணி என்று இரண்டிற்கும் ஆடும் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பின்னால் வளையும்போது ஒரு பக்க இடுப்பில் வலி கண்டால் பந்து வீச்சை உடனே நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்க நிலை விரிசல் சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகலாம். ஆதலால், படம் நன்றாயிருக்கிறது என்று வலியைப் பொருட்படுத்தாது விடலாகாது. காலத்தே கண்டறிந்து சில மாதம் ஓய்வளித்தால் விரிசல் பெரும்பாலும் கூடிவிடும். ஒரு பருவ ஆட்டத்தை இழந்தாலும், பிள்ளை அடுத்த பருவத்தில் நலமுடன் பந்தைக் கையில் எடுப்பான்.