காஞ்சி நெறியின் காடியும் இன்றைய இனிப்பூறுகாயும்

தமிழர் உணவு வரலாற்றை ஆராய்வார் பெரும்பாலும் சோற்றையும் ஊனையும் கள்ளையுமே விரித்துரைப்பர். ஊறுகாயைத் தொடுகறி என்று ஒதுக்கிச் செல்வர். எனினும், சிறு பொருள்களும் காலமாற்றத்தை நன்கு காட்டவல்லன. காஞ்சிபுரத்து இல்லங்களில் கோடை வந்ததும் மாங்காய் ஊறுகாய் இருவகையாக இடப்படுகின்றது. ஒன்று, உப்புநீரில் ஊறும் மாவடு. மற்றொன்று, வெல்லப்பாகும் மிளகாய்ப்பொடியும் சேர்ந்த இனிப்பூறுகாய். இவ்விரண்டும் சங்க காலத்தன எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இதற்கு முதற்சான்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு அது. காஞ்சிக்குச் செல்லும் வழியில் அந்தணர் இல்லங்களில் பாணன் பெறும் உணவை அதன்கண் புலவர் விரிக்கின்றார். மாதுளங்காய்த் துண்டுகள் வெண்ணெயில் வெந்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வருகின்றன. அவற்றோடு மாவடு இட்ட காடியும் வருகின்றது. சமைப்பவள் இல்லத்துப் பெண் என்பதையும் புலவர் மறவாது சுட்டுகின்றார். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபின் இப்பகுதி கற்றார் பலர்க்கும் எட்டிற்று.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, மாதுளங்காயோடு கூறப்பட்ட மிளகு வடுவோடு கூறப்படவில்லை. மற்றொன்று, வடுவோடு இனிப்புப் பொருள் எதுவும் கூறப்படவில்லை. ஆதலின், இன்றைய மாவடுவைப் பாட்டில் வரும் வடுவின் வழித்தோன்றல் எனக் கொள்ளுதல் தகும். இனிப்பூறுகாய்க்கு அப்பாட்டைச் சான்றாக்குதல் தகாது.

செய்முறையும் இதனையே வலியுறுத்தும். காடி என்பது புளித்த நீர். அதன் புளிப்பே காயைக் கெடாது காக்கும். இனிப்பூறுகாயின் நெறி வேறு. மாங்காய்த் துண்டில் உப்பிட்டு நீரை வடித்து, வெல்லத்தைப் பாகாகக் காய்ச்சிச் சேர்ப்பர். செறிந்த பாகு எஞ்சிய நீரைப் பிணித்துக்கொள்வதால், கேடு செய்யும் நுண்ணுயிர் வளர்தற்கு இடமின்றிப் போகின்றது. முன்னது புளிக்கவிட்டுக் காப்பது. பின்னது புளித்தலைத் தடுத்துக் காப்பது.

இனி, காரத்தைக் காண்போம். சங்க நூல்களில் ‘கறி’ என்பது மிளகைக் குறிக்கும். மிளகாயோ அமெரிக்க நிலத்துக்குரியது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தபின் போர்ச்சுகீசியர் வழி இந்நாட்டிற்கு வந்தது. புதிய காய்க்குப் பழைய மிளகின் பெயரையே அடையாக்கி ‘மிளகாய்’ என்றனர் தமிழர். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியில் இன்றும் மிளகு, சீரகம், சுக்கு ஆகியவையே காரம் தருகின்றன. இல்லத்து அடுக்களை ஏற்ற மிளகாயைக் கோயில் மடைப்பள்ளி அவ்விட்டலியில் ஏற்கவில்லை. ஒரே ஊரில் இருவேறு காலங்கள் அடுத்தடுத்து வாழ்வதை இதில் காண்கிறோம்.

இனிப்பும் புளிப்பும் காரமும் முற்காலத்தில் ஓரிடத்தே இல்லாமலில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்களில் படையற் பொருள்களாக மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, புளி ஆகியன வருகின்றன. ஆயினும், பொருள்கள் உடனிருத்தல் உணவு உண்டு என்பதற்குச் சான்றாகாது. ஈழத்து வழக்கு இவ்வகையில் தெளிவானது. ஆங்கு இனிப்பும் காரமும் கலந்த ஊறுகாயை ‘அச்சாறு’ என்பர். அதிற் சேரும் புளிப்பு நீரை ‘வினாகிரி’ என்பர். பின்னது போர்ச்சுகீசியச் சொல். அதனை நாம் ‘காடி’ என்றே வழங்குகிறோம். பொருள் புதிதாயினும் சொல் பழையது. சொல் பழையதாதல் கொண்டு பொருளும் பழையது என மயங்குதல் ஆகாது.

‘ஊறுகாய்’ வினைத்தொகை, ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதனுள் அடங்கும். அதன் வரலாறும் அத்தகையதே. அனைத்தும் சங்க காலத்தன என்போமாயின், இடைப்பட்ட நூற்றாண்டுகளில் புதியதை ஆய்ந்து, ஏற்று, பெயரிட்டு, அளவறிந்து கலந்த பெண்டிரின் அறிவை இல்லையாக்கியவராவோம். கடைப்புட்டிகள் பெருகிவிட்ட இந்நாளில் வடு, தொக்கு, பாகுபதம் முதலிய சொற்களும் அவற்றின் செய்முறையும் முதியோர் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளன. ஏடு தேடும் ஆய்வு மாணவர் அவ்வடுக்களைகளுக்கும் செல்வாராக.