பூனையை அனுப்பினேன், தெள்ளுப்பூச்சி போகவில்லை



"டீச்சர், கொஞ்ச நாளாப் பூனை போட்டோவே காணோமே?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். நான் ஆரம்பித்தால் மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. கொஞ்சம் என் வீட்டுக் கதை, மீதி நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய கதை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

மே மாத லீவுக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் அவள் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ஒரே இடத்தில் மூன்று நான்காகச் சேர்ந்து இருந்தது. முதலில் கொசு என்று நினைத்தேன். கொசு முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்துக் கடிக்குமா? சந்தேகம் வந்து, வெள்ளைத் துண்டை விரித்துப் பூனையை அதில் நிறுத்திச் சீப்பால் வாரிப் பார்த்தோம். எள்ளு அளவுகூட இல்லாத பழுப்புப் பூச்சி, பிடிக்கப் போனால் துள்ளி மறைந்தது. தெள்ளுப்பூச்சி. சிலர் இதையும் உண்ணி என்கிறார்கள். உண்ணி துள்ளாது, தோலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். இது வேறு.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். கருப்பி, அவள் மகன் சோமு. "பூனை இருக்கிற வரைக்கும் இந்தச் சனியன் போகாது" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டையும் மூடி போட்ட கூடையில் வைத்தேன். தேங்காய் பறிக்க வரும் பையன் மொபெட்டில் கொண்டுபோய் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ரைஸ்மில் பக்கம் விட்டுவிட்டு வந்தான். பேத்தி அன்று சாப்பிடவே இல்லை. "நாளைக்கு எல்லாம் சரியாயிரும் கண்ணு" என்று சொல்லிவிட்டு வீடு முழுக்கப் பினாயில் ஊற்றித் துடைத்தேன்.

சரியாகவில்லை. மூன்றாம் நாளிலிருந்து கடி அதிகமானது. அதுவரை குழந்தையை மட்டும் கடித்தது, இப்போது எனக்கும் வீட்டுக்காரருக்கும் கடி. பேத்தி என்னிடம் வந்து, "பூனை போயிருச்சு, பூச்சி ஏன் போகலே அம்மிச்சி?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் கேள்வி கேட்டவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி காலைச் சொறிந்துகொண்டு படுத்திருந்தபோதுதான், வரலாற்றுப் பாடத்தில் நான் ஒரு வரியில் கடந்துபோன பம்பாய் பிளேக் நினைவுக்கு வந்தது. பதில் அங்கே இருந்தது.

1896 செப்டம்பர். பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் சிலருக்குக் கடும் காய்ச்சல், தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டியது. டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் இது பிளேக் என்று கண்டு சொன்னார். இரண்டு வருஷம் முன்பே, 1894இல், ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆக, கிருமி எது என்று தெரியும். எலிகள் கூட்டமாகச் செத்து விழுந்த பிறகு மனிதர்களுக்கு நோய் வருகிறது என்பதும் தெரியும். எலியிடமிருந்து மனிதனுக்கு அது எப்படி வருகிறது என்பதுதான் தெரியாது. மண்ணிலிருந்து வருகிறது, கெட்ட காற்றில் வருகிறது, ஏழைகளின் அழுக்கால் வருகிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

காரணம் தெரியாதபோது கையில் அகப்படுகிறவர் மேல்தான் பழி விழும். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். நோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து ஆஸ்பத்திரிக்கும், மற்றவர்களை முகாமுக்கும் கொண்டுபோனார்கள். துணிமணிகளை எரித்தார்கள். ரயில் நிலையங்களில் பெண்களைக்கூட நிறுத்திச் சோதித்தார்கள். பூனாவில் இந்தக் கெடுபிடிகளின் தலைவராக இருந்த ராண்ட் என்ற அதிகாரியை 1897 ஜூன் 22ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். இந்தப் பெயர் உங்கள் பாடப் புத்தகத்தில் வந்திருக்கும். அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தது இந்தப் பிளேக்தான்.

சாக்கடைகளில் கார்பாலிக் மருந்தைக் கொட்டிக் கழுவினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மருந்து வாடைக்கு எலி அடுத்த தெருவுக்கு ஓடும், தன் மேல் இருப்பதையும் சுமந்துகொண்டுதான் ஓடும். நோய் நிற்கவில்லை. 1918 வரைக்குமான சுமார் இருபது வருஷத்தில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பிளேக்கில் இறந்தார்கள்.

நம் கோயம்புத்தூரும் தப்பவில்லை. இங்கே பிளேக் மாரியம்மன் கோயில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பெயர் அந்த நாட்களில் வந்ததுதான். எங்கள் அப்பத்தா சொல்வார்கள், வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துச் சாளைக்குப் போய்விடுவார்களாம், ஒரு மாசம் வீட்டுப் பக்கமே வர மாட்டார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் செய்த அந்தக் காரியம், அன்றைய அரசு செய்த பல காரியங்களை விடச் சரியானது. ஏன் சரி என்பதைக் கடைசியில் ஒரு பிரெஞ்சு டாக்டர் விளக்கினார்.

அவர் பெயர் பால்-லூயி சிமோன். பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனம் அவரை 1897இல் இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, சில நோயாளிகளின் உடம்பில், முக்கியமாகக் காலில், ஒரு சின்னக் கொப்புளம் இருந்தது. அதற்குள் பிளேக் கிருமி இருந்தது. ஏதோ கடித்த இடம்போல அவருக்குப் பட்டது. இரண்டு, அப்போதுதான் செத்த எலியைத் தொட்டவர்களுக்கு நோய் வந்தது, செத்து நேரமாகிக் குளிர்ந்துபோன எலியைத் தொட்டவர்களுக்கு வரவில்லை. கிருமி இரண்டிலும் இருக்கிறது. அப்படியானால் குளிர்ந்த எலியை விட்டு ஏதோ ஒன்று போய்விட்டிருக்க வேண்டும் அல்லவா? எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்பட்டார்.

1898 ஜூனில் கராச்சியில் சோதனை செய்தார். பிளேக் வந்தவரின் வீட்டில் பிடித்த நோயுற்ற எலியைப் பெரிய கண்ணாடி ஜாடியில் விட்டார். தெள்ளு போதாது என்று நினைத்து, அவர் தங்கியிருந்த ஹோட்டலைச் சுற்றித் திரிந்த ஒரு பூனையின் மேலிருந்து கொஞ்சம் தெள்ளுப்பூச்சி எடுத்து அந்த ஜாடியில் போட்டார். (பார்த்தீர்களா, இந்தக் கதையிலும் பூனை வந்துவிட்டது.) எலி சாகும் தறுவாயில், ஆரோக்கியமான இன்னொரு எலியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து உள்ளே தொங்கவிட்டார். இரண்டும் தொட்டுக்கொள்ள முடியாது, வலைக் கண் வழியாகத் தெள்ளு மட்டும் போகலாம். முதல் எலி செத்தது. சில நாளில் கூண்டு எலியும் பிளேக்கில் செத்தது. தெள்ளு இல்லாத எலிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார், நோய் ஒட்டவில்லை.

இவ்வளவு தெளிவாகக் காட்டியும் பெரிய பெரிய ஆட்கள் அவரை நம்பவில்லை. 1905இல் பம்பாயில் வேலை தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழுதான் அதை மறுக்க முடியாதபடி நிரூபித்தது. பிளேக் வந்த வீடுகளில் கினியா பன்றிகளைக் கூண்டில் வைத்தார்கள். தெள்ளு நுழைய முடியாத நுண்ணிய வலை போட்ட கூண்டில் இருந்தவை பிழைத்தன. வலை இல்லாத கூண்டில் இருந்தவற்றுக்கு நோய் வந்தது. காற்று இரண்டு கூண்டுக்கும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். தெள்ளுக்கு வேண்டியது சூடான உடம்பும் ரத்தமும். எலித் தெள்ளுக்கு எலிதான் பிடிக்கும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் வேறு சூடான உடம்பைத் தேடி மனிதனிடம் வந்தது. எலிகள் சாகாமல் இருந்த வரைக்கும் மனிதனுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. எங்கள் அப்பத்தா வீட்டார் தோட்டத்துக்குப் போனதும் அதனால்தான் பலித்தது. பசியோடு காத்திருந்த தெள்ளை வீட்டிலேயே விட்டுவிட்டு அவர்கள் வெளியேறிவிட்டார்கள்.

நான் செய்தது இதற்கு நேர் எதிர். பூனையை வெளியே அனுப்பிவிட்டு, பசித்த தெள்ளோடு நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் இருந்தோம். பூனைத் தெள்ளுக்குப் பூனை இல்லை, எங்கள் கால் இருந்தது.

பயப்பட வேண்டாம். பூனைத் தெள்ளு பிளேக்கைப் பரப்புவதில் எலித் தெள்ளு போல அல்ல, நம் வீட்டுப் பூனையால் பிளேக் வந்துவிடாது. சொல்லப்போனால் 1908இல் ஆண்ட்ரூ புக்கானன் என்ற ராணுவ மருத்துவ அதிகாரி, பூனை வளர்க்கிற வீடுகளில் எலி குறைவு, பிளேக்கும் குறைவு, அதனால் ஊரெல்லாம் பூனை வளருங்கள் என்று எழுதினார். ஆனால் பூனைக்கும் பிளேக் வரும்.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பூனை எங்கம்மா?" தலைகுனிந்து சொன்னேன். அவர் விளக்கியது இது. பூனை மேல் நாம் பார்க்கிற தெள்ளு மொத்தத்தில் கொஞ்சம்தான். முட்டை பூனையின் உடம்பில் ஒட்டாமல் உதிர்ந்து, அது படுக்கிற இடமெல்லாம் கொட்டிவிடுகிறது. புழு வெளிச்சத்துக்குப் பயந்து தரை வெடிப்பிலும் பாய்க்கு அடியிலும் ஒளிந்துகொள்ளும். பிறகு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும் உடம்புச் சூடும் தெரிந்தால் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் காலெல்லாம் கடிப்பது இதனால்தான்.

மறுநாளே அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு ரைஸ்மில்லுக்குப் போனேன். கருப்பி தவிட்டு மூட்டைக்குப் பின்னால் இருந்தாள், என் குரலைக் கேட்டதும் வந்தாள். சோமு இல்லை. இரண்டு வாரம் தினமும் போய்த் தேடினோம். கிடைக்கவில்லை.

கருப்பிக்கு எடை பார்த்து, பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டார் டாக்டர். மாதம் ஒரு முறை, மூன்று மாதம். இந்த மருந்துகள் 1990களில் வந்தவை. பூனைக்கு மருந்து போட்டுவிட்டால், அதன் மேல் ஏறுகிற தெள்ளெல்லாம் சாகும். அதாவது பூனை வீட்டில் இருந்தால்தான் தெள்ளு ஒழியும்! விரட்ட வேண்டியது என்று நினைத்தோமே, அதுதான் நமக்கு உதவி.

வீட்டில் செய்தது: அது படுக்கும் சாக்கு, துண்டு, எங்கள் போர்வை எல்லாவற்றையும் வாரம் இரண்டு முறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் போட்டோம். கோரைப்பாயையும் கால் மிதியையும் வெயிலில் தட்டினோம். கட்டிலுக்கு அடி, சுவரோரம், தரை வெடிப்பு எல்லாம் தினமும் பெருக்கி, குப்பையை வீட்டில் வைக்காமல் உடனே வெளியேற்றினோம். சீப்பால் வாரி வந்த தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். நடுவில் மூன்றாவது வாரம் மறுபடி கடி வந்தது. கூட்டில் இருந்தவை வெளிவருகின்றன, விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். ஜூலை கடைசியில் முழுக்க நின்றது.

செய்யக் கூடாததும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு உள்ள தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும். பினாயில், கற்பூரம், நாப்தலின் உருண்டை எல்லாம் பூனைக்கு விஷம். பினாயில் ஊற்றிய தரையில் நடந்து அது காலை நக்கும். நான் செய்த அந்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள்.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். வீடியோ காலில் தினமும் முதலில் கேட்பது, "சோமு வந்துட்டானா அம்மிச்சி?" என்றுதான். "இன்னும் இல்லே சாமி" என்கிறேன். அவள் கேட்ட முதல் கேள்வியை நான் அந்தக் கூடையை மூடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பம்பாயில் அதிகாரிகள் வீடு புகுந்ததைப் பற்றி எத்தனை வருஷம் கோபமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன்! என் வீட்டில் வந்தபோது நானும் காரணத்தை விசாரிக்காமல், வாய் பேசாத ஜீவன்களைத்தான் முதலில் வெளியேற்றினேன்.

உங்கள் வீட்டில் பூனை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வெள்ளைத் துண்டை விரித்து ஒரு முறை வாரிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள், வெள்ளை வயிறும் வளைந்த வாலும் உள்ள சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று கண்ணில் பட்டால் எனக்குப் போன் போடுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்