நொய்யலும் பனியனும்: ஒரு பசுமைச் சங்கிலியின் கதை

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பனியன்தான். 'டாலர் சிட்டி', 'குட்டி ஜப்பான்' என்றெல்லாம் அந்த ஊருக்குப் பட்டப்பெயர்கள் உண்டு. ஆனால் வணிகவியல் படிப்பவர்கள் திருப்பூரை இன்னொரு காரணத்துக்காகவும் படிக்க வேண்டும். 'கிரீன் சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்று பாடப் புத்தகங்களில் நாலு பக்கத்தில் முடிந்துவிடும் விஷயம், அந்த ஊரில் முப்பது வருடப் போராட்டமாக நடந்திருக்கிறது. அதில் ஒரு ஆறு செத்தது, ஒரு அணை பயனற்றுப் போனது, ஒரே உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன.

சங்கிலி என்றால் என்ன?

'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற சொல்லை 1982-ல் கீத் ஆலிவர் என்ற மேலாண்மை ஆலோசகர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூலப்பொருள் கிளம்பும் இடத்திலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை உள்ள எல்லா வேலைகளையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே சங்கிலியாகப் பார்ப்பதுதான் அதன் சாரம். 1987-ல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் அறிக்கை 'நீடித்த வளர்ச்சி' என்ற கருத்தைப் பரப்பியது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்ததுதான் பசுமை விநியோகச் சங்கிலி. அதாவது, சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் மண்ணும் நீரும் காற்றும் கெடக்கூடாது.

ஒரு டி-ஷர்ட்டின் சங்கிலியைப் பாருங்கள். பஞ்சு, நூல், நிட்டிங், பிளீச்சிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிளில் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், பிறகு தூத்துக்குடித் துறைமுகம். திருப்பூரில் இவை எல்லாம் ஒரே கம்பெனிக்குள் நடப்பது குறைவு. ஆர்டர் எடுக்கும் ஏற்றுமதியாளர் ஒருவர், நிட்டிங் ஜாப் ஒர்க் செய்பவர் வேறொருவர், சாயம் போடுபவர் இன்னொருவர். ஊரே ஒரு பெரிய தொழிற்சாலை மாதிரி. இந்த அமைப்புதான் திருப்பூரின் பலம். சின்ன முதலீட்டில் யாரும் தொழில் தொடங்கலாம். பலவீனமும் அதுதான். அழுக்குத் தண்ணீர் யாருடைய பொறுப்பு என்று கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம்.

வெரோனா வந்த கதை

உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்தார். மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தவர் அவர். 1981-ல் ஐரோப்பாவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. பிறகு கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. 2000-களின் நடுவில் ஏற்றுமதி ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

வெள்ளைப் பனியன் இருந்த வரை தண்ணீர்ப் பிரச்சனை ஓரளவுக்குத்தான். கலர் டி-ஷர்ட் ஆர்டர்கள் வந்ததும் நிலைமை மாறியது. பருத்தித் துணிக்கு 'ரியாக்டிவ்' சாயம் போடுவார்கள். தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தைத் துணிக்குள் அனுப்ப உப்பு வேண்டும். அதுவும் கைப்பிடி அளவு இல்லை. அடர்ந்த நிறம் என்றால் கிலோக் கணக்கில் கொட்ட வேண்டும். சாயமாவது துணியில் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டாது. போட்ட உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

இந்த உப்புதான் இந்தக் கதையின் வில்லன்.

ஜெர்மனியிலிருந்து வந்த தடை

முதல் 'பசுமை' உத்தரவு திருப்பூருக்கு நொய்யல் கரையிலிருந்து வரவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தது. 1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனத்தைத் தடை செய்தது. இதில் முதலில் அடிபட்டது தமிழ்நாட்டின் தோல் தொழில். 1994-ல் அடுத்த இடி விழுந்தது. உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளியிடக்கூடிய சில அசோ சாயங்கள் உள்ள துணிகளை விற்கக்கூடாது என்று ஜெர்மனி சட்டம் போட்டது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்தத் தடை விரிந்தது.

இதன் வேகம் ஆச்சரியமானது. ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் சில வருடங்களிலேயே 'அசோ ஃப்ரீ' என்ற சொல் திருப்பூரில் சாதாரணமாகிவிட்டது. சாயக் கம்பெனிகள் மாற்றுச் சாயம் கொண்டுவந்தன, சோதனைக் கூடங்கள் முளைத்தன. இந்திய அரசும் 1997-ல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. வாங்குபவர் நினைத்தால் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை மாற்ற முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தடை செய்யப்பட்டது எது? துணியோடு கப்பலேறி ஐரோப்பியரின் தோலில் படக்கூடிய நஞ்சு. உப்பு கப்பலேறவில்லை. அது நொய்யலிலேயே தங்கிவிட்டது. அதனால் எந்த வாங்குபவரின் சோதனைப் பட்டியலிலும் உப்பு இடம்பெறவில்லை. பெர்லினில் இருக்கும் குழந்தைக்குப் பாதுகாப்பான டி-ஷர்ட், ஒரத்துப்பாளையத்து விவசாயியின் கிணற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தது. சான்றிதழ் என்னவோ சரியாகத்தான் இருந்தது.

ஒரத்துப்பாளையம் அணை

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. வழியெங்கும் பழைய தடுப்பணைகளும் குளங்களும் உண்டு. திருப்பூருக்குக் கீழே சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அரசு கட்டிய அணை 1992-ல் முடிந்தது.

அணை கட்டிய நேரமும் ஏற்றுமதி உச்சத்துக்குப் போன நேரமும் ஒன்றாகிவிட்டன. மழைத்தண்ணீர் வர வேண்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. தேங்கிய உப்பு நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளும் உப்பாயின. தென்னையும் நெல்லும் தாங்கவில்லை. தண்ணீரைத் தேக்கி வையுங்கள் என்று கேட்கத்தான் உலகத்தில் விவசாயிகள் போராடுவார்கள். இங்கே அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராட வேண்டி வந்தது. வேளாண்மைக்காகக் கட்டிய அணைக்கு இதைவிடப் பெரிய தோல்வி என்ன இருக்க முடியும்?

கெடுத்தது பாசனத்தை மட்டும் அல்ல. திருப்பூரின் சொந்த நிலத்தடி நீரும் சாயம் போடக்கூட உதவாமல் போனது. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வாங்கினார்கள். பிறகு காவிரியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவரத் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது. தன் மூலப்பொருளைத் தானே அழித்துக்கொண்ட தொழில் என்று இதைச் சொல்லலாம்.

பொது சுத்திகரிப்பு நிலையங்கள்

1990-களின் இறுதியில் எட்டுப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சின்னப் பட்டறைகள் தனித்தனியாகச் சுத்திகரிக்க முடியாது, சேர்ந்து செய்யலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் அவற்றில் இருந்தது அடிப்படைச் சுத்திகரிப்பு. சுண்ணாம்பு, இரும்பு சல்பேட் போட்டுக் கசடைக் கீழே இறக்குவார்கள். நிறம் குறையும். கரைந்திருக்கும் உப்பு அப்படியே போகும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்புகள்தான் அனுமதிக்கப்பட்ட அளவு. சாயத்தண்ணீர் அதைப் பல மடங்கு தாண்டியது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர், பயிருக்கு விஷம்.

நீதிமன்றப் படிகள்

1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. பாலாற்றைக் கெடுத்தவர்களே அதைச் சீர்செய்யும் செலவையும், பாதிக்கப்பட்டவர்களின் இழப்பையும் ஏற்க வேண்டும். 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது.

அந்த ஆணையம் 2004-ல் நொய்யல் பகுதியில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கேட்கப் பெரிய தொகை. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வராது. ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ஏற்றுமதி செய்த சங்கிலியில், நிலத்தை இழந்தவரின் பங்கு இவ்வளவுதான்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் நீதிமன்றம் கெடு விதித்தது. கழிவுநீர் விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்கில் அபராதம், 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்' எனப்படும் கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்பது உத்தரவு. பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் மூன்று மாத அவகாசம் மட்டுமே கிடைத்தது. அதன் பிறகும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28-ம் தேதி உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி நிற்கும் என்பதை அன்று ஊரே பார்த்தது. சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. வெளியூர்த் தொழிலாளிகள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஏற்றுமதியாளர்கள் சாயத்துக்காகத் துணியை வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். விவசாயி பல வருடமாகச் சுமந்த நஷ்டத்தை, இப்போது எந்தத் தப்பும் செய்யாத பவர்டேபிள் டெய்லரும் சுமந்தார். துணி வாங்கிய கடைகள் வேறு நாட்டுக்கு ஆர்டரை மாற்றிக்கொள்ள முடிந்தது. அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

மீண்ட வழி

தமிழக அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகப் புது முறைக்கு மாறி, அனுமதி வாங்கித் திறந்தன. முறை இதுதான். கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்களால் சுத்தமாகும். பிறகு வடிகட்டி, 'ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்' சவ்வு வழியாக அழுத்தினால் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பப் பட்டறைக்கே போகும். மிஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பைப் பிரிப்பார்கள். அருள்புரம் நிலையத்தில், உப்புநீரைக் கொதிக்க வைப்பதற்குப் பதில் சுத்தப்படுத்தி மறுபடியும் சாயம் போடவே பயன்படுத்தும் முறை வந்தது. முன்பு ஆற்றுக்குப் போன அதே உப்பு இப்போது ஸ்டாக் கணக்கில் ஏறியது. செலவு, மூலப்பொருள் ஆனது. பசுமை விநியோகச் சங்கிலியின் மையக் கருத்தே இதுதானே!

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. ஆவியாக்க விறகும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். அப்படியானால் தண்ணீர் மாசு கொஞ்சம் புகையாக மாறுகிறது. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகத் தேங்குகின்றன. சுத்திகரிக்கும் திருப்பூர் பட்டறையின் கட்டணம், சுத்திகரிக்காத வேறு ஊரின் கட்டணத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. கூடுதல் செலவுக்காக விலையைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும் வாங்குபவர்கள் குறைவு. ஆனாலும் தொழில் அழியவில்லை. 2022-23-ல் ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. சுத்தமாக இருந்தால் தொழில் செத்துவிடும் என்று 2006-ல் சொன்னவர்களுக்கு இந்த எண் ஒரு பதில்.

வாங்கும் நாடுகளும் மெதுவாக மாறத் தொடங்கின. 2023-ல் ஜெர்மனியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு சப்ளையரிடம் நடக்கும் மனித உரிமை மீறல்களையும், சில சுற்றுச்சூழல் கேடுகளையும் பெரிய நிறுவனங்கள் கண்காணிக்க வேண்டும் என்றது அது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அதுபோன்ற சட்டம் நிறைவேற்றியது. ஆனால் 2025-ல் அதன் அமலாக்கத்தையே தள்ளிவைத்தது. துணியில் நஞ்சு என்றால் உடனே தடை, ஆற்றில் நஞ்சு என்றால் ஒத்திவைப்பு. முப்பது வருடம் ஆகியும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை.

முடிவாக...

திருப்பூர் கதை சொல்லும் பாடம் எளிமையானது. சங்கிலியை வாங்குபவரின் முனையிலிருந்து மட்டும் பார்த்தால், பொருளோடு பயணம் செய்யும் கேடு மட்டுமே கண்ணில் படும். உற்பத்தி ஊரில் தங்கிவிடும் கேடு தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது எந்தத் தணிக்கையாளரும் இல்லை. ஆர்டரிலோ இன்வாய்ஸிலோ பெயரே இல்லாத நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள்தான். அவர்களும் சங்கிலியின் ஒரு கண்ணி என்பதை ஒப்புக்கொள்ள, இந்தத் தொழிலுக்கு ஒரு ஆறும் பல நீதிமன்றத் தீர்ப்புகளும் தேவைப்பட்டன.

அடுத்த முறை ஒரு டி-ஷர்ட் வாங்கும்போது விலைச்சீட்டைப் பாருங்கள். அதன் நிறத்துக்காகப் போட்ட உப்பு எங்கே போனது என்பது மட்டும் அதில் எழுதியிருக்காது.