ஐப்பசிக் கரைக்கு ஒரு வழி

குடிபாலாவில் நின்றால் எந்தத் திசையிலும் கடல் இல்லை. சித்தூர்–வேலூர் சாலையில், தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் இது. சுற்றிலும் பாறைக் குன்றுகள், மாந்தோப்புகள், கரும்புக் கொல்லைகள். இங்கிருந்து ஒரு குடும்பம் முதன்முறையாக வண்டி எடுத்துக் கடல் பார்க்கக் கிளம்பினால் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகும். மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுத் திரும்பும்.

கிழக்கே இன்னொரு வழி இருக்கிறது. சித்தூர், சந்திரகிரி, திருப்பதி, காளத்தி, நாயுடுபேட்டை. அங்கிருந்து பழவேற்காடு ஏரியும் துகராஜபட்டணமும். சுமார் 200 கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது, நெல்லூரிலிருந்த இந்தக் கரைப்பகுதி புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. மலைக்குப் பேர்போன திருப்பதிக்கு அன்றுமுதல் கடற்கரையும் உண்டு. அந்தக் கரையைப் பார்க்கத் தகுந்த பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். பழைய மாலுமிகள் அஞ்சி விலகிய பருவமும் அதுவே.

குடிபாலா பக்கம் பெய்யும் மழை நீவா, பொன்னை ஆறுகள் வழியாகப் பாலாற்றில் சேர்ந்து தென்கிழக்கே போய்விடுகிறது. சந்திரகிரியை எட்டினால் சுவர்ணமுகி துணைக்கு வருகிறது. தமிழ்ச் சைவர்களுக்கு அது பொன்முகலி, கண்ணப்பர் கதையின் ஆறு. திருப்பதிப் பக்கத்திலிருந்து காளத்தி கோயிலைத் தொட்டு, நாயுடுபேட்டை வழியாகக் கடலுக்குப் போகிறது. சாலையும் ஏறத்தாழ அதன் போக்கிலேயே போகிறது.

இந்த வழியின் மேற்கு முனையில் அரசர்கள் இருந்தார்கள், கிழக்கு முனையில் கப்பல்கள் நின்றன. தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு பெனுகொண்டாவுக்கு ஒதுங்கிய விஜயநகர அரசு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரிக்கு வந்தது. 1598-இல் சாந்தோமிலிருந்து யேசு சபைப் பாதிரியார்கள் இரண்டாம் வேங்கடரைப் பார்க்க வந்தது இங்கேதான். 1610-இல் டச்சுக்காரர்கள் அதே அரசரிடம் பழவேற்காட்டில் வணிகம் செய்ய உரிமை வாங்கினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அங்கிருந்து துணி மட்டும் போகவில்லை. வாங்கப்பட்ட அடிமைகளும் கப்பல் கப்பலாக ஜாவாவின் பத்தாவியாவுக்குப் போனார்கள். பழவேற்காட்டின் செதுக்குக் கல்லறைகளை ரசிக்கிறவர்கள் அதையும் நினைக்க வேண்டும்.

ஆங்கிலேயர்கள் கால் ஊன்றியது இன்னும் வடக்கே, துகராஜபட்டணத்தில். ஆண்டு 1626. அவர்களது ஏடுகளில் இந்த ஊருக்கு ஆர்மகான் என்று பெயர். உதவி செய்த ஆறுமுக முதலியாரின் பெயரால் அப்படி அழைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. சோழமண்டலக் கரையில் அவர்கள் முதலில் அரண் கட்டிய இடம் இதுதான். கரைக்கு எதிரே கடலுக்குள் ஒரு நீண்ட மணல்திட்டு. அதன் மறைவில் கப்பல்கள் நங்கூரமிட முடிந்தது. ஆனால் நல்ல துணி, கட்டுப்படியான விலையில் கிடைக்கவில்லை. அங்கே பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடினார். 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து மதராசபட்டினத்துக்கு உரிமை கிடைத்தது. அந்த ஆவணம் சந்திரகிரி அரண்மனையில் வழங்கப்பட்டதாக ஒரு மரபுச் செய்தி உண்டு. சென்னை பிறந்த கதையில் சித்தூர் மண்ணுக்குப் பங்குண்டு என்று இந்தப் பக்கத்தார் பெருமையாகச் சொல்வதற்கு அதுவே காரணம். துகராஜபட்டணம் கைவிடப்பட்டது.

முரட்டுக் கரை என்றதும் விசாகப்பட்டினத்து டால்பின் மூக்கு மலையோ கன்னியாகுமரிப் பாறைகளோ நினைவுக்கு வரும். இந்தக் கரையில் பாறையே கிடையாது. இதன் முரட்டுத்தனம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது: இடம் மாறும் மணல்திட்டுகள், அடைந்து திறக்கும் முகத்துவாரங்கள், வரிசையாக எழுந்து உடையும் அலைகள். அந்நாளில் பெரிய கப்பல் எதுவும் கரையை நெருங்க முடியவில்லை. சரக்கும் ஆளும் மசூலாப் படகில்தான் வரவேண்டியிருந்தது. அந்தப் படகில் ஆணியே இல்லை. பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தையலுக்கு அடியில் வைக்கோல் திணிப்பு. உள்ளே விலாச்சட்டமும் கிடையாது. அலை அறையும்போது படகு முழுவதும் வளைந்து கொடுக்கும். ஐரோப்பியப் படகுகள் உடைந்த இடத்தில் அது தப்பியது. இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் தைத்த படகுகள் உண்டு. ஆனால் சென்னை போன்ற ஒரு பெருநகரத்தின் வணிகம் முழுவதையும் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் சுமந்த படகு வேறு எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் அதுவும் போதவில்லை. அக்காலத்தில் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை சென்னைக் கோட்டையின் கொடி இறக்கப்பட்டிருக்கும்; கப்பல்கள் இங்கே நிற்காதீர்கள் என்று பொருள். 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த வெற்றியோடு நின்றிருந்த லா போர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படையை ஓர் இரவுப் புயல் சிதறடித்தது.

1782-இன் கதை குடிபாலாவுக்கு இன்னும் நெருக்கமானது. ஐதர் அலி ஆர்க்காட்டுச் சீமை முழுவதையும் சுற்றி வளைத்திருந்தார். சென்னைக்கு அரிசி கடல்வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. அக்டோபர் 15-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹ்யூஸ் பருவத்துக்கு அஞ்சிப் பம்பாய்க்குப் பாய் விரித்தார். அன்றிரவே புயல் அடித்தது; அரிசி ஏற்றி நின்ற படகுகளும் கப்பல்களும் நொறுங்கின. நகரம் பட்டினியில் விழுந்தது. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் மழைக்காலத்தைக் கழிக்கச் சுமத்ராவின் அச்சேவுக்குப் போய்விட்டார். கடல் வெறுமையாகக் கிடந்த அந்த மாதங்களில் ஐதர் நோயில் விழுந்தார். டிசம்பர் 7-இல், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்தார். குடிபாலாவுக்குப் பக்கத்து ஊர்தான் அது.

பின்னர் வந்தவர்கள் கடலைத் தவிர்க்க வழி தேடினார்கள். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், 1877-78 பஞ்சத்தின்போது கூலி வேலையாக விரிந்து, ஆளுநர் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. கரையை ஒட்டி 420 கிலோமீட்டர். ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக் காட்டு விறகு அதன் வழியாகவே சென்னை அடுப்புகளுக்குப் போனது. 1899-இல் கரையோர ரயில் வந்தது, கால்வாய் தேய்ந்தது.

அந்த விறகுக் காட்டில் அமைந்த ஏவுதளத்திலிருந்துதான் 1971 அக்டோபர் 9-இல் அதன் முதல் ராக்கெட் பறந்தது. கிழக்கே திறந்த கடல், நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகே, மக்கள் நெருக்கம் குறைவு: தேர்வுக்குக் காரணங்கள் இவை. தீவில் வாழ்ந்த யானாதி மக்களின் குடும்பங்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. சந்திரயான்–1 2008 அக்டோபர் 22-இலும் மங்கள்யான் 2013 நவம்பர் 5-இலும், அதே மழைப் பருவத்தில் கிளம்பின. துகராஜபட்டணத்தில் பெரிய துறைமுகம் அமைப்பதாக 2014 ஆந்திர மறுசீரமைப்புச் சட்டம் வாக்களித்தது. ஏவுதளத்தின் அருகாமையும் ஏரியின் பறவைகளும் குறுக்கே நின்றன.

இந்த மழைப் பருவத்தில் இந்தக் கரைக்கு முதன்முறை போகிறவர் நாளைக் குறித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே புயல் கரை ஏறியது. 2021 நவம்பரில் சுவர்ணமுகி பெருகி, திருப்பதியைச் சுற்றிச் சாலைகளும் பாலங்களும் அறுந்தன. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தபின் போவது நல்லது. விடியலில் குடிபாலாவை விட்டால் வெயில் ஏறுமுன் சந்திரகிரியின் ராஜமகால் அரண்மனை, மதியத்துக்குள் காளத்தி. நாயுடுபேட்டைக்குத் தெற்கே நேலபட்டு ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் செங்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இறங்கும். சூளூர்பேட்டையிலிருந்து ஏரியை அறுத்துக்கொண்டு போகும் சாலையில் தீவின் வாசல் வரைதான் போக முடியும். உள்ளே அனுமதி வேண்டும். ராக்கெட் ஏவும் நாளில் போவதானால், 2019-இல் பொதுமக்களுக்காகத் திறந்த பார்வையாளர் மாடத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். புயல் சின்னம் உருவானால் ஏவும் நாளும் தள்ளிப்போகலாம் என்பதால், சூளூர்பேட்டையில் அறை எடுப்பவர்கள் ஒரு நாள் கூடுதலாகவே எடுக்க வேண்டும்.